தறி வீட்டிலிருந்து பஸ் ஏறிப் படிக்கிறவர்கள் ஒரு செமஸ்டரைத் தாண்டுவது எப்படி

காலையில் நாலு மணிக்கு எழுந்து படித்தால் எல்லாம் மண்டையில் ஏறிவிடும் என்று சொல்லாத பெரியப்பா சேலம் மாவட்டத்தில் யாருக்கும் இல்லை. சரிங்க பெரியப்பா என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். ராத்திரி பத்து வரை தறி ஓடுகிற வீட்டில், சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிப் படுக்கவே பதினொன்று ஆகும்போது, நாலு மணிக்கு எழுந்தவர் மதியம் இரண்டு மணி வகுப்பில் கண்ணைத் திறந்தபடியே தூங்குவார், அன்றைக்கு நடத்திய பாடம் முழுசாகப் போகும், போனதை ஈடுகட்ட மறுநாளும் நாலு மணிக்கு எழ வேண்டிவரும். தூக்கத்தில் கை வைக்காத திட்டம் எதுவோ அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

இது இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம், தாரமங்கலம், கொண்டலாம்பட்டி என்று தறிச் சத்தம் கேட்கிற ஊர்களிலிருந்து பஸ் ஏறி கருப்பூர் பக்கம் படிக்க வருகிறவர்களுக்காக. அரசு பொறியியல் கல்லூரி 1966-லிருந்து இருக்கிறது, பெரியார் பல்கலைக்கழகம் 1997-ல் வந்தது, இரண்டும் ஒரே பக்கம் என்பதால் காலை எட்டரைக்கு ஓமலூர் ரோட்டில் போகிற எந்த பஸ்ஸைப் பார்த்தாலும் பை மாட்டிய கூட்டம்தான். நான் படிப்பது எம்.எஸ்சி. ஜியாலஜி. அதனால் உதாரணமெல்லாம் கல்லாகத்தான் இருக்கும், நீங்கள் பி.காம். என்றால் கல்லை எடுத்துவிட்டு கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், நேரம் இல்லை என்று நாம் புலம்புவது பொய்யில்லை. மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல நமக்குக் கிடைக்காது, ஹாஸ்டல் பிள்ளைகளுக்குக் கிடைக்கும், அதைப் பார்த்துப் பொறாமைப்படவும் வேண்டாம் (அவர்கள் அந்த மூன்று மணி நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று ஒருநாள் போய்ப் பாருங்கள்). நமக்குக் கிடைப்பதெல்லாம் இருபது நிமிஷம், முப்பது நிமிஷம், சில நாளில் முக்கால் மணி. அதனால் நேரத்தைத் தேடாதீர்கள், வேலையை நறுக்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு தாளை எடுத்து அந்த வாரத்து வேலை எல்லாவற்றையும் எழுதுங்கள். "பெட்ராலஜி (பாறையியல்) படிக்க வேண்டும்" என்று எழுதினால் அது வேலை இல்லை, கவலை. "மூன்றாவது யூனிட்" என்பதும் அப்படித்தான். "சார்னகைட் பாறையில் என்னென்ன கனிமம் இருக்கும் என்று புத்தகம் பார்க்காமல் எழுதி, மைக்ரோஸ்கோப்பில் தெரிவதைப் படமாகப் போட வேண்டும்" என்பது வேலை, ஏனென்றால் அதை முடித்தால் முடிந்தது என்று தெரியும். அரை மணிக்கு மேல் இழுக்கும் எதையும் இன்னும் இரண்டாக உடையுங்கள். உடைத்த பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எங்கே செய்யலாம் என்று ஒரு சொல் எழுதுங்கள்: பஸ், தறி, லேப், கரண்ட் இல்லாத நாள். எப்போது என்று எழுதாதீர்கள். புதன்கிழமை ஆறு மணிக்கு என்று எழுதினால் அந்த ஆறு மணிக்குச் சரியாகச் சித்தி வருவார், தறியில் பாவு நூல் பிணைக்க ஆள் வருவார், அப்புறம் தாளைப் பார்க்கவே வெறுப்பாகிவிடும். இடத்தை எழுதினால் அந்த இடத்துக்குப் போகும்போது வேலை தானாக ஞாபகம் வரும்.

பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் வீணாக்குவது அதைத்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, அதனால் நாங்கள் பெரும்பாலும் அதில்தான் வருகிறோம், அது எல்லா நிறுத்தத்திலும் நின்று நின்றுதான் வரும். இளம்பிள்ளையிலிருந்து சிவதாபுரம் வழியாகப் புது பஸ் ஸ்டாண்ட், அங்கே இறங்கி இன்னொரு பஸ். காலையில் உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். நின்றுகொண்டு, ஒரு கையில் கம்பி, ஒரு கையில் சாப்பாட்டுப் பை என்று போகும்போது போனில் பிடிஎஃப் படிப்பதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை. படிக்கவும் வேண்டாம். பஸ்ஸில் செய்ய வேண்டியது ஞாபகப்படுத்திப் பார்ப்பது.

முந்தின நாள் ராத்திரி ஒரு துண்டுச் சீட்டில் ஐந்தே கேள்வி எழுதிச் சட்டைப்பையிலோ போன் கவரிலோ வைத்துக்கொள்ளுங்கள். பதில் எழுதக் கூடாது, கேள்வி மட்டும். பஸ் கிளம்பியதும் ஒரு கேள்வியைப் பார்த்துவிட்டு மனசுக்குள் முழு பதிலையும் சொல்லிப் பாருங்கள், தெரியாத இடத்தில் திணறுங்கள், திணறினால் நல்லது. ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் 1885-லேயே தன் மீதே சோதனை செய்து, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்: மறப்பதில் பெரும்பங்கு முதல் ஒரு நாளுக்குள்ளேயே நடந்துவிடுகிறது, பிறகுதான் மெதுவாகிறது. ஆக நேற்று நடத்தியதை இன்றைக்குக் காலை பஸ்ஸில் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது, தேர்வுக்கு முந்தின நாள் நாலு தடவை வாசிப்பதைவிட மேல். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து. மூடி வைத்துவிட்டுச் சொல்லும்போதுதான் நம் லட்சணம் தெரியும்.

ஜன்னல் பக்கம் கிடைத்தால் இன்னும் வசதி, எங்கள் துறைக்கு அது பாடப் புத்தகம். இளம்பிள்ளைப் பக்கம் கஞ்சமலை தெரியும், மேக்னடைட் குவார்ட்சைட் பட்டை பட்டையாக ஓடுகிற மலை, இரும்புத் தாது என்றால் தேர்வில் எழுதப்போகும் முதல் உதாரணம் அதுதான். மாமாங்கம் தாண்டும்போது வெள்ளை வெளேரென்று மண் குவியல் தெரிகிறதே, அது மேக்னசைட் சுரங்கத்துக் கழிவு. பூமிக்குள் ஆழத்திலிருந்து வந்த டியூனைட் மாதிரியான பாறை, அதில் மெக்னீசியம் ஏராளம், கார்பன் டை ஆக்சைடு கலந்த தண்ணீர் விரிசலில் புகுந்து அதோடு வினைபுரிந்து மெக்னீசியம் கார்பனேட்டாக, வெள்ளை நரம்பு நரம்பாகப் படிந்தது. இதைக் குரங்குச்சாவடியில் ஆரம்பித்து கருப்பூர் இறங்குவதற்குள் மனசுக்குள் சொல்லி முடித்தால் ஐந்து மார்க் கேள்விக்குப் பதில் ரெடி. பி.காம். ஆட்களுக்கும் வழி இருக்கிறது, ஏறியிருக்கிற பஸ்ஸுக்கே தேய்மானக் கணக்குப் போடலாம், நேர்கோட்டு முறையில் ஒரு தடவை, குறைந்துசெல் முறையில் ஒரு தடவை. சில பஸ்ஸுக்கு மிச்ச மதிப்பே இருக்காது என்பது வேறு விஷயம்.

ஆனால் ஒன்று, சாயங்காலம் திரும்பி வரும் பஸ்ஸில் படிக்காதீர்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்வேன். காலையில் கிளம்பியதிலிருந்து யாராவது ஒருவர் நம்மை ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், வீட்டுக்குப் போனதும் மறுபடி கேட்பார்கள், நடுவில் யாரும் எதுவும் கேட்காத ஒரே இடம் அந்த பஸ் சீட்டுதான். என்னென்னமோ ஓடும். ஜிஎஸ்ஐ (இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை) வேலைக்கு யூபிஎஸ்சி நடத்துகிற தேர்வுக்கு இந்த வருஷமே போடலாமா, வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்தால் யாரை வைத்துப் பேசுவது, கண்டக்டர் அண்ணா அவ்வளவு கூட்டத்தில் யார் டிக்கெட் எடுத்தார் யார் எடுக்கவில்லை என்று எப்படித்தான் ஞாபகம் வைக்கிறார், அந்த வித்தையை ஃபாசில் பெயர்களுக்குச் செலுத்தினால் என்ன. ஓடட்டும். ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வந்து அரித்தால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டு விடுங்கள், ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாள் போடும்போது எடுத்துப் பார்க்கலாம். பாதிக்குப் பாதி அதற்குள் ஒன்றுமில்லாமல் போயிருக்கும். மீதியில் ஒன்றிரண்டு உண்மையாகவே செய்ய வேண்டிய வேலையாக இருக்கும், அதை மற்ற வேலை மாதிரி நறுக்கிப் போடுங்கள்.

அடுத்து தறிச் சத்தம். வெளியூர்ப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் முதலில் கேட்பது, இதில் எப்படித்தான் படிக்கிறாய் என்று. பழகியவர்களுக்கு ஓடுகிற தறி தொந்தரவே இல்லை, நிற்கிற தறிதான் தொந்தரவு. ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போது காது அதைக் கணக்கில் எடுப்பதில்லை, ஊடை (குறுக்கு நூல்) அறுந்து சட்டென்று நின்றால்தான் தலை தூக்கிப் பார்க்கிறோம், பார்த்தால் அம்மா அங்கிருந்தே "கண்ணு, அந்தத் தார் எடுத்துக் குடு" என்பார் (தார் என்றால் ஊடை நூல் சுற்றிய குச்சி), போனவர் திரும்பி வர கால் மணி ஆகும். அதனால் தறி ஓடும்போது, நடுவில் எழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய வேலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரெக்கார்ட் எழுதுவது, படம் போடுவது, மேப்புக்கு வண்ணம் தீட்டுவது, அப்சர்வேஷன் நோட்டிலிருந்து அட்டவணை நகல் எடுப்பது, இதெல்லாம் தறி வேலை. இன்னொன்றும் செய்யலாம், சத்தமாக வாய்விட்டுப் படிக்கலாம், செமினாருக்குப் பேசிப் பழகலாம். எவ்வளவு உளறினாலும் ஒருவர் காதிலும் விழாது. ஹாஸ்டலில் இந்த வசதி கிடையாது.

கஷ்டமான பாடத்தை, அதாவது ஒரு தடவை பிடி விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதை, மின்வாரியத்திடம் விட்டுவிடுங்கள். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாளை முன்கூட்டியே பேப்பரில் போடுகிறார்கள், பெரும்பாலும் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை இருக்காது. அன்றைக்குத் தெருவே மௌனமாக இருக்கும், மிக்ஸி கிடையாது, டிவி கிடையாது, பக்கத்து வீட்டுத் தறியும் கிடையாது. அது விடுமுறை நாளில் வந்தால் விடக் கூடாது. வகுப்பு நாளில் வந்தால் லீவு போடலாமா என்றால், அதற்குக் கணக்கு இருக்கிறது.

வருகை 75 சதவீதம் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதை நாளாக மாற்றிப் பார்ப்பவர்கள் குறைவு. செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வையுங்கள், 75 சதவீதம் என்றால் 67.5, அதாவது 68 நாள் வந்தே ஆக வேண்டும், கையில் இருப்பது 22 நாள். கேட்க நிறைய மாதிரி இருக்கும். முதல் செமஸ்டர் தொடங்கிய சூட்டோடு ஆடி வரும், கோட்டை மாரியம்மன் பண்டிகை, ஊர்ப் பண்டிகை, சொந்தக்காரர் ஊர்ப் பண்டிகை, அதில் நாலைந்து போகும். ஆவணியில் முகூர்த்தம் வரிசையாக நிற்கும், அதில் ஒரு மூன்று. காய்ச்சல் வந்தால் ஒரு வாரம், அது சொல்லிக்கொண்டு வராது. ஆக, பத்து நாளைத் தொடாமல் ஓரமாக வைத்துவிட்டு மீதி பன்னிரண்டைத்தான் உங்களுடையது என்று நினையுங்கள். அதிலிருந்து ஒன்றிரண்டைக் கரண்ட் இல்லாத நாளுக்கு எடுக்கலாம், தப்பில்லை. லீவு போட்ட நாளை எல்லாம் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள், துறை ஆபீஸில் சொல்லும் எண்ணும் உங்கள் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் உடனே கேட்க அது ஒன்றுதான் சாட்சி. ஓடி (ஆன் டியூட்டி) லெட்டர் கொடுத்தால் போனில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

இன்டர்னல் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 25-க்கு இன்டர்னல், 75-க்கு எழுத்துத் தேர்வு என்ற முறை இருக்கிற இடத்தில் அந்த 25 தான் மலிவாகக் கிடைப்பது. அசைன்மென்ட்டைச் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னால் கொடுங்கள், கடைசி நாளில் ஜெராக்ஸ் கடையில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும், ஸ்பைரல் போடுகிற அக்கா யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். பழைய கேள்வித்தாள் ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து, எந்தக் கேள்வி எத்தனை தடவை வந்தது என்று கோடு போட்டாலே எங்கே கை வைக்க வேண்டும் என்று புரிந்துவிடும். அதை மட்டும் படித்துவிட்டுப் போவது உங்கள் துணிச்சல்.

வாட்ஸ்அப் குரூப்பைச் சத்தமில்லாமல் ஆக்கிவிட்டு மதியம் ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை பாருங்கள், அவசரம் என்றால் கிளாஸ் ரெப் போன் செய்வார். குரூப்பில் வந்த தேதி எதுவாக இருந்தாலும் உடனே ஒரே நோட்டில் ஏற்றுங்கள். "குட் மார்னிங்" பூக்களுக்கும் பிறந்தநாள் கேக்குகளுக்கும் நடுவில் புதைந்த மாடல் எக்ஸாம் தேதியை மேலே தள்ளித் தள்ளித் தேடுவதில் ஒரு பஸ் பயணமே போய்விடும். பிடிஎஃப் வந்ததும் பெயரை மாற்றி, பாடம், யூனிட், யார் நடத்தியது என்று வைத்துவிடுங்கள். "ஸ்கேன் புதிது கடைசி 2" என்று ஏழு ஃபைல் வைத்துக்கொண்டு தேர்வு அன்றைக்குத் தேடக் கூடாது.

காசு விஷயம். உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ இளநிலை படிக்கிறார்கள், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால், தங்கைக்குப் புதுமைப்பெண், தம்பிக்குத் தமிழ்ப்புதல்வன், மாதம் ஆயிரம் ரூபாய். முதலாவது 2022 செப்டம்பரில் வந்தது, இரண்டாவது 2024 ஆகஸ்ட்டில். முதுநிலைக்கு அது கிடையாது, அதனால் நம்மில் பலர் டியூஷன் எடுக்கிறோம். எடுங்கள், ஆனால் வாரத்தில் நாலு நாளுக்கு மேல் வேண்டாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை எடுத்தால் அவர்களுக்கும் நமக்கும் ஒரே மாதத்தில் பரீட்சை வருகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வருகிற காசில் முதலில் தேர்வுக் கட்டணத்தை ஒதுக்குங்கள். மிச்சத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு தட்டுவடை செட், பீட்ரூட் கேரட் துருவல் அள்ளி வைத்து, இரண்டு சட்னியும் தடவி. அதைச் செலவில் சேர்க்காதீர்கள்.

ஃபீல்டு ரிப்போர்ட் இருக்கிறவர்களுக்கு மட்டும் இந்தப் பத்தி, மற்றவர்கள் தாண்டிப் போகலாம். ஏற்காட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். கார் வரிசையில் ரோட்டோரம் நின்று பாறையைப் பார்ப்பது உயிருக்கே நல்லதில்லை, மே மாதம் கோடை விழா சமயம் என்றால் அந்தப் பக்கமே தலை வைக்க வேண்டாம். வார நாளில், காலை முதல் பஸ்ஸில், அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் என்று ஏறுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, ஒவ்வொன்றிலும் எண் போர்டு உண்டு, இடத்தைக் குறிக்க ஜிபிஎஸ் எண்ணோடு எத்தனையாவது வளைவுக்கு மேலே என்றும் எழுதிவிட்டால் பின்னால் ரிப்போர்ட் எழுதும்போது குழப்பம் வராது. ஏறும்போது பார்க்காமல் உச்சிக்குப் போய், இறங்கும்போது பாருங்கள். மேலே 1,500 மீட்டர் உயரத்தில் அலுமினியத் தாதுவான பாக்சைட், அதற்குக் கீழே சார்னகைட், மழையும் வெயிலும் பாறையை எப்படி மக்கச் செய்து அலுமினியத்தை மட்டும் தங்கவிட்டது என்பதை மேலிருந்து கீழாகப் பார்த்தால் பாடம் வரிசையாகவே புரியும். பென்சிலில் எழுதுங்கள், மேகம் இறங்கினால் ஜெல் பேனா எழுத்து கரைந்துவிடும். காப்பித் தோட்டத்துக்குள் கேட்காமல் காலை வைக்காதீர்கள், கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். காப்புக் காட்டுக்குள் சுத்தியலோடு நுழைய வேண்டுமென்றால் துறையிலிருந்து வாங்கிய கடிதம் பையில் இருக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு வேலையை நிறுத்திவிட்டுக் கீழே கிளம்பும் பஸ்ஸிலேயே அன்றைய குறிப்பை முழு வாக்கியமாக எழுதுங்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அந்த வளைவுகளில் எழுத முடியாது, வாந்தி வரும். அஸ்தம்பட்டியில் இறங்கி ஒரு டீ குடித்துக்கொண்டே எழுதிவிடுங்கள். மறுநாள் என்று தள்ளினால் எந்தக் கல் எந்த வளைவில் எடுத்தது என்று பைக்குத்தான் தெரியும்.

கடைசியில் தேர்வு நாள். ஹால் டிக்கெட்டை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை வீட்டில், ஒன்றைத் தோழி பையில் வையுங்கள். முந்தின நாள் ராத்திரி காலண்டரைப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள், ராகு காலத்துக்காக இல்லை, முகூர்த்த நாளா என்று தெரிந்துகொள்ள. முகூர்த்தம் என்றால் காலை பஸ்ஸில் பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாக நிற்க இடமிருக்காது, ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம் வந்த பிறகும் மண்டபங்களுக்கு முன்னால் வண்டி நகராது. வழக்கமான பஸ்ஸுக்கு இரண்டு பஸ் முன்னால் ஏறுங்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் ஹால் வாசலில் கூடி நின்று "அந்தக் கேள்வி படிச்சியா" என்று கேட்பவர்கள் பக்கம் போகாமல், மரத்தடியில் உட்கார்ந்து கொண்டுபோன இட்லியைச் சாப்பிடுங்கள், தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு மணி அடித்ததும் உள்ளே போங்கள்.